இருபது நிமிடம்

காலை நாலே முக்காலுக்குச்
சப்பாத்து நாடாவை இரட்டை முடிச்சாய் இறுக்குவீர்.
மல்லாவிச் சந்தியில் பாண்காரன் மட்டும் விழித்திருப்பான்.
முதல் மாதம், நீர் ஓடக் கண்டு
இரண்டு சைக்கிள்கள் பின்னால் வந்தன:
"டொக்டர், ஆருக்கு என்ன?"
ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று
மூச்சு வாங்கச் சொன்னீர். நம்பவில்லை.
இந்த மண்ணில்
ஒன்றுமில்லாமல் ஒருவரும் ஓடியதில்லை.

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தான்.
வவுனிக்குளத்து அணைக்கட்டு
எனக்கு அடிக்கணக்கு, உமக்கு நிமிடக் கணக்கு.
துருசடியிலிருந்து உமது திரும்புமிடம் வரை இருபது.
"கட்டுக்கு மேலால் நீர் ஓடினால் ஆபத்து" என்று
கலியாணமான புதிதில் நான் விட்ட பகிடிக்கு
இன்றுவரை நீர் சிரிக்கவில்லை.

விடுதியிலும் இருபதுதான்.
வயலில் மிதிபட்ட புடையன்,
வரம்பிலிருந்து தூக்கி வந்த கால்,
கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம்.
ஆட்டக் கூடாது. உறைகிறதா பார்க்க வேண்டும்.
செபமாலையின் மனைவிக்கு நீர் சொன்னதைக்
கதவோரம் நின்று கேட்டிருக்கிறேன்:
"இருபது நிமிசம் அக்கா. இருங்கோ. தண்ணி குடியுங்கோ."
அந்தக் குரல் வீட்டுக்கு வருவதில்லை.
வீட்டில் நீர்
பாதி இடியப்பத்தோடு எழும்பிப் போகிறவர்.

ஆரணன் கொப்பியில் எழுதினான்:
அப்பாவின் தொழில் தண்ணீர். அம்மாவின் தொழில் ஓட்டம்.
ஆசிரியை சிவப்பால் கோடிட்டு
வைத்தியர் என்று திருத்தினார்.
அவன் அதை அழித்து மறுபடி ஓட்டம் என்றே எழுதினான்.
அந்தத் தாள் உமது லாச்சியில்,
அடைவுச் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மார்கழி. வான் பாய்ந்த இரவு.
கதவு திறக்கப் போன நான்
செருப்பை ஜீப்பிலேயே விட்டுவிட்டேன்.
முள் குத்தினாற்போல. அவ்வளவுதான்.

பத்து மணி. நீர்தான் இரத்தம் எடுத்தீர்.
கை நடுங்கவில்லை.
பன்னிரண்டு வருடம் ஒரே கூரைக்குள் கிடந்தவனிடம்
பதிவுக்காகப் பெயர் கேட்டீர்.
"கதிரமலை நகுலேசன்" என்றேன்.
குழாயை மேசையில் நிறுத்திவிட்டுச்
சொல்ல ஒன்றுமில்லாமல் நின்றீர்.
நான்தான் சொன்னேன்:
"இருபது நிமிசம். இரும். தண்ணி குடியும்."

நீர் இருக்கவில்லை.
யன்னலுக்கு வெளியே செருப்புச் சத்தம்.
விடுதியைச் சுற்றி,
பிணவறைப் பக்கம் போகாமல் திரும்பி,
சேற்றில் மறுபடி.
தாதி மயூரதி மணிக்கூட்டைப் பார்த்தாள்,
உம்மைப் பார்க்கவில்லை.
சுற்றுக்களை எண்ணினேன். பதினான்கு.

ஏன் ஓடுகிறீர் என்று முன்பொரு நாள் கேட்டதற்கு
"அப்ப நேரம் பாக்காமல் ஓடினனான்.
இப்ப பாத்து ஓடுறன்" என்றீர்.
அதற்குமேல் நானும் கேட்டதில்லை.

உள்ளே வந்து குழாயைச் சரித்தீர்.
தண்ணீர்போல் ஓடியது.

இருபது குப்பி மருந்து. குளிர், உடம்பெல்லாம் தடிப்பு,
தொடையில் ஓர் ஊசி, மூக்கில் ஒட்சிசன்.
பையில் சேர்ந்த என் சிறுநீரின் நிறத்தை
டோர்ச் பிடித்து நீர் பார்த்த பார்வையைக்
கோயிலில்கூட நான் கண்டதில்லை.

விடியப்புறம் இன்னொரு குழாய். இன்னோர் இருபது.
இம்முறை ஓடவில்லை.
காலடியில் குந்தியிருந்து,
வீங்கிய பாதத்தைத் தொடாமல்,
அதன் அருகே உள்ளங்கையை விரித்து வைத்திருந்தீர்.

சரித்தீர்.
பிறகு முழுதாய்க் கவிழ்த்தீர்.
இரத்தம் அசையவில்லை.

நாலே முக்கால் தாண்டிவிட்டிருந்தது.
சேறு காய்ந்த செருப்பைப் பார்த்து
"சப்பாத்து வீட்டில" என்றீர்,
யாரோ கேட்டதுபோல.
பதிவேட்டில் கையெழுத்து வைத்துப் படியிறங்கினீர்.
காதைக் கொடுத்துக் கிடந்தேன்.
வாசல்வரைக்கும் நடை.
அதற்குப் பிறகு நடை இல்லை.